எப்ட் ஆற்றங்கரையில் ஓர் ஓவியர்

ஆற்றுக்கு என்ன நிறம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நீலம் என்றுதானே? நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓவிய வகுப்பில் ஆற்றுக்கு ஊதாவும் மஞ்சளும் பூசினான். நான் சிவப்பு மையால் வட்டமிட்டு, மீண்டும் வரையச் சொன்னேன். "காலையில அம்மாவோட போகும்போது ஆறு இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றான். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பையனுக்கு நான் செய்தது அநியாயம் என்று புரிய, பிரான்சு நாட்டின் ஒரு சிற்றூர் வரை போய்வர வேண்டியிருந்தது. அந்த ஊருக்கு உங்களையும் அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

மூன்றாண்டுச் சேமிப்பில் பள்ளி விடுமுறையில் போன பயணம் அது. பாரிசு நகரின் சேன் லசார் நிலையத்தில் இரயில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் வெர்னோன் என்னும் ஊர் வந்துவிடும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஜிவெர்னி. பச்சைப் பலகைச் சன்னல்கள் வைத்த நீண்ட இளஞ்சிவப்பு வீடு. அதன் முன்னே பூந்தோட்டம். சாலைக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதையில் நடந்து மறுபக்கம் போனால், மூங்கில்களும் வில்லோ மரங்களும் சூழ்ந்த அல்லிக் குளம். அதன்மேல் வளைந்த பச்சைப் பாலம். நான் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. நம் தோட்டத்துக் குட்டையோரம் நிற்பதுபோலவே இருந்தது எனக்கு.

இந்த வீட்டில் வாழ்ந்தவர் குளோட் மோனே என்ற ஓவியர். 1840இல் பிறந்தவர். 1883இல் வாடகைக்குக் குடிவந்து, 1890இல் வீட்டை விலைக்கு வாங்கி, 1926இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார்.

ஊரை அடுத்து எப்ட் என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில், லிமெட்ஸ் என்ற ஊருக்கருகே, பாப்லர் மரங்கள் வரிசையாக நின்றன. 1891இல் மோனே அவற்றைப் படகில் இருந்தபடி வரையத் தொடங்கினார். காலையில் ஒரு படம், வெயில் ஏறியதும் இன்னொன்று, மேகம் மூடினால் மற்றொன்று. மரம் மாறவில்லை, வெளிச்சம் மாறியது. வெளிச்சம் மாறினால் துணியையும் மாற்றிவிடுவார். ஓர் இலையின்மேல் விழும் வெயில் ஏழு நிமிடமே நிற்கும், அத்துடன் அந்தப் படத்தை எடுத்துவைத்துவிடுவார் என்று, அவருடைய அண்டை வீட்டில் தங்கியிருந்த லில்லா கபோட் பெர்ரி என்ற அமெரிக்கப் பெண் ஓவியர் எழுதியிருக்கிறார். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட படங்கள்!

பாதி வேலையில் ஓர் இடி. அந்த மரங்கள் ஊருக்குச் சொந்தமானவை; வெட்டி விற்க ஏலம் அறிவித்துவிட்டார்கள். மோனே என்ன செய்தார் தெரியுமா? மர வியாபாரி ஒருவரிடம் போய், "நீங்கள் நினைத்த விலைக்குமேல் ஏலம் போனால் மிச்சப் பணத்தை நான் தருகிறேன், படம் முடியும்வரை மரம் நிற்கட்டும்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். மரங்கள் நின்றன, படங்களும் முடிந்தன.

பிறகு 1893இல் ஆற்றின் கிளை வாய்க்காலிலிருந்து நீரைத் திருப்பி, குளம் அமைக்க அரசிடம் அனுமதி கேட்டார். ஊரார் எதிர்த்தார்கள். வெளிநாட்டுச் செடிகள் தண்ணீரை நஞ்சாக்கிவிடும், மாடு குடிக்கும் நீர் கெடும் என்று அஞ்சினார்கள். மோனேவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த ஊராரைப் பார்த்து எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஆற்றில் துணி துவைத்து, ஆற்றுநீரில் சமைத்து வாழ்ந்த தலைமுறை நம்முடையதும்தானே! நமக்கு மேலே இருப்பவர் நீரைத் திருப்பினால் நாமும் கேட்காமல் விடுவோமா? கடைசியில் அவருக்கு அனுமதி கிடைத்தது. குளம் தோண்டி அல்லி வளர்த்தார்கள். அல்லி இலைகளில் சாலைப் புழுதி படியாமல் துடைப்பதற்கென்றே ஒரு தோட்டக்காரர் படகில் போய்வந்தார். புகழ் ஓவியருக்கு, ஆனால் அந்தத் தொழிலாளியின் கையும் அந்தப் படங்களில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குளத்தை மட்டும் ஏறத்தாழ 250 படங்களாக வரைந்தார். வானமும் கரையும் இல்லாமல் வெறும் நீர், அதில் விழுந்த மேகம், மிதக்கும் பூ. ஊதா, மஞ்சள், சிவப்பு, கறுப்பு எல்லாம் அந்த நீரில் உண்டு. 1912இல் கண்புரை என்றார்கள். நிறங்கள் மங்கின. 1923இல் வலக் கண்ணில் அறுவை நடந்தது. அப்படியும் தூரிகையை வைக்கவில்லை. இரண்டு மீட்டர் உயரத்தில் அவர் நாட்டுக்கு அளித்த எட்டுப் பெரும் படைப்புகள், பாரிசு ஒராஞ்செரி காட்சியகத்தின் இரண்டு நீள்வட்ட அறைகளில் 1927இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவர் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஊதா நீரின்மேல் மஞ்சள் வெளிச்சம். என் சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது.

ஊர் திரும்பியபின் அந்தப் பையனை டவுனில் பார்த்தேன். இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். நான் கண்டதைச் சொல்லி, "அன்று தப்பு என்னுடையது, தம்பி. இன்னும் வரைகிறாயா?" என்றேன். "இல்ல சார், அப்பவே விட்டுட்டேன்" என்று சிரித்தான். கையில் கொண்டுபோயிருந்த வண்ணப்பெட்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். வரைகிறானா என்று இன்னும் கேட்கவில்லை.

ஜிவெர்னித் தோட்டம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். எல்லாராலும் அவ்வளவு தூரம் போக முடியாது என்பதை நான் அறிவேன். நம் லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றுக்குப் போகச் செலவில்லை. விடியற்காலை ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நிறத்தை அவர்களே சொல்லட்டும். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை, பெற்றோரே, நீங்கள் திருத்தாதீர்கள். நானும் இப்போது திருத்துவதில்லை.