வாட்டமான முகம்

என் மூத்த பெண் தலைப் பிரசவத்துக்குச் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து 20 நாளாகியிருந்தது. பாலுக்குக் குறைவில்லை, குழந்தைக்கும் ஒரு குறையுமில்லை. இவள்தான் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க, மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்காதே!" என்று நானும் திட்டியிருக்கிறேன். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் 'துக்கம்', 'சோகம்' என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா, என்ன?

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் மீன்கார அம்மாள் அன்று பால் சுறா கொண்டுவந்தார். கூடையை இறக்குமுன்பே, "இன்னாம்மா, பொண்ணு மூஞ்சி இவ்ளோ வாட்டமா கீது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான் படித்தது பத்தாவதுதான். ஆனாலும் ஆடு ஆட்டமாவது போல, ஓடு ஓட்டமாவது போல, வாடு வாட்டமாகும் என்று தமிழ் டீச்சர் சொன்னது நினைவிருக்கிறது. துக்கமும் சோகமும் வடமொழியிலிருந்து வந்தவை. கடற்கரைக்கு உரியது 'இரங்கல்' என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதுவும் இன்று இரங்கல் கூட்டத்துக்குப் போய்விட்டது. வாட்டம் மட்டும் நம் தோட்டத்துச் சொல். துக்கம் என்றால் யாரோ செத்திருக்க வேண்டும். வாட்டத்துக்கு அப்படி இல்லை. துளசி வாடினால் அதை யார் திட்டுகிறோம்? தண்ணீர் போதவில்லையா, வேரில் பூச்சியா என்றல்லவா பார்க்கிறோம்! வள்ளலார் பயிரோடு சேர்ந்து வாடியதும் இதே சொல்லில்தான். (கொத்தனார் தரைக்குப் பார்க்கிற 'வாட்டம்' வேறு, அது தண்ணீர் ஓடுகிற சரிவு.)

இன்னொன்றும் அன்று ராத்திரி தோன்றியது. வாழையிலையை அனலில் வாட்டுகிறோம். 'குளிர் வாட்டுது' என்கிறோம். வாடினவள் ஒருத்தி இருந்தால், வாட்டியது ஒன்று இருக்க வேண்டுமே!

காலையில் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்து, "ஏண்டி, எது உன்னை வாட்டுது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "குழந்தையைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலைம்மா. நான் நல்ல அம்மா இல்லை போல" என்று அழுதாள். பெற்ற வயிறு கலங்கிவிட்டது.

அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனோம். பிரசவமான முதல் சில நாளில் அழுகை வருவது பலருக்கும் உண்டாம். இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகிவிடுமாம். அதைத் தாண்டினால் வைத்தியம் பார்க்க வேண்டிய வியாதி, அவள் குற்றமில்லை என்றார். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரையும் உண்டு என்றார். ராத்திரியில் குழந்தையை நானும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள், குழந்தையின் கொட்டாவியைப் பார்த்து அவளாகவே சிரித்தாள்.

போன வாரம் மீன்கார அம்மாள் அவளை உற்றுப் பார்த்தார். "இப்போ தெளிஞ்சி கீது" என்று சொல்லிவிட்டு, சுறாவுக்கு இருபது ரூபாய் கூடவே கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன்.