ஆறு வந்தது

"ஆற்றைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வாக்கியங்கள் எழுதுக" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து கொள்வது உபாத்தியாயர்களுக்கு மிகவும் சௌகரியமான காரியம். நாமும் பல வருஷங்களாக அதைச் செய்து வருகிறோம். பிள்ளைகள் எழுதுவதும் பல வருஷங்களாக ஒன்றேதான். ஆறு மலையிலே பிறக்கிறது. பசும்புல் வெளிகளினூடே வளைந்து வளைந்து மெல்லச் செல்கிறது. ஆண்டு முழுவதும் தெள்ளிய நீர் அதிலே ஓடுகிறது. கடைசியில் கடலைச் சேருகிறது. இவ்வளவும் எழுதிய பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினால் தெரிவது என்ன? கரிசல் காடும், கருவேல முள்ளும், சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரி கிளப்பும் புழுதியுந்தான்! பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் அந்தப் பசும்புல் வெளி எங்கே இருக்கிறதென்று நாமும் கேட்டதில்லை, பிள்ளைகளும் சொன்னதில்லை. வியாசத்துக்கு மார்க்குக் கிடைத்தது. அத்துடன் விஷயம் முடிந்தது.

இந்த மௌன உடன்படிக்கையைச் சென்ற ஐப்பசியில் ஒரு பையன் மீறிவிட்டான். அவன் மருதையாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிறவன். அவனுடைய வியாசத்தில் புல்வெளி இல்லை. எங்கள் ஆற்றில் மணல்தான் இருக்கும், அதில் நாங்கள் பந்து விளையாடுவோம் என்று தொடங்கியிருந்தான். பிறகு மழையைப் பற்றி இரண்டு வாக்கியம். அதற்கப்புறம், தனி வரியாக, "அன்று இரவு தி ரிவர் கேம்" என்று இருந்தது. நாம் சிவப்பு மையால் 'கேம்' என்ற பதத்தை அடித்து, 'ஃப்ளோட்' என்று மேலே எழுதினோம். 'ஆறுகள் ஓடும், வருவதில்லை' என்று ஓரத்தில் ஓர் உபதேசமும் செய்து, ஒரு மார்க்கைக் குறைத்தோம்.

பையன் நோட்டுப் புத்தகத்துடன் வந்து நின்றான்.

"ஸார், இது தப்பா?"

"தப்புத்தான். ஆறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதிலே தண்ணீர் ஓடுகிறது. ஆறு எப்படியப்பா வரும்?"

"ராத்திரி நாங்க படுக்கிறபோது ஆறு இல்லை, ஸார். விடிஞ்சு பார்த்தால் இருந்தது. வந்துதானே இருக்கணும்? எங்க அப்பாயிகூட 'ஆறு வந்திருச்சு'ன்னுதான் சொல்லும்."

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற நமக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் வாஸ்தவம். "பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினோம். உபாத்தியாயர்களின் அகராதியில் அதற்கு என்ன அர்த்தம் என்பது நேயர்களுக்குத் தெரியும்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து, ஆற்றைப் பற்றி ஆங்கிலத்தில் வழங்கும் பதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். இத்தனை நாளாகக் கற்பித்த பதங்களே வேறு முகம் காட்டின. ஆங்கிலேயன் ஆற்றுக்கு வாய் உண்டு என்கிறான். நாம் கழிமுகம் என்கிறோம். அவன் ஆற்றுக்குப் 'பெட்' என்னும் படுக்கை உண்டு என்றால் பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கிறார்கள். நம்முடைய 'படுகை' என்ற சொல்லும் படுப்பதிலிருந்துதான் வந்தது என்றால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. கரைக்கு அவன் 'பாங்க்' என்கிறான். கொள்ளிடத்து மணல் எத்தனை பேரைச் செல்வந்தர்களாக்கியது என்று அறிந்தவர்களுக்கு அந்தப் பதத்தை விளக்கவே வேண்டியதில்லை.

சேர்ந்து வரும் சொற்கள்தாம் அதிகச் சங்கடம் தருபவை. காவேரி குடகில் 'ரைஸஸ்' என்றால், காவேரி குடகில் எழுந்து நிற்கிறது என்று ஒரு பையன் மொழிபெயர்த்தான். பிறக்கிறது என்று திருத்தினோம். மறுவாரமே ஆறு 'ரைஸிங்' என்று வந்தது. ஆறு பிறந்து கொண்டிருக்கிறது என்று எழுதினான். இம்முறை நீர்மட்டம் உயர்கிறது என்று பொருள்! ஆறு வறண்டு போவதை 'ரன் ட்ரை' என்பார்கள். "தண்ணீரே இல்லாதபோது எது ஸார் ஓடுகிறது?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

ஒவ்வொரு பதமும் ஏதோ ஒரு நாட்டின் மண்ணை ஒட்டிக்கொண்டே வருகிறது. வளைந்து செல்வதைக் குறிக்கும் 'மியாண்டர்' என்ற பதம் சிறிய ஆசியாவில், இன்றைய துருக்கியில், ஓடும் ஓர் ஆற்றின் பழைய பெயர். வெள்ளப் பெருக்கைக் குறிக்கும் 'ஸ்பேட்' ஸ்காத்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தது. போட்டியாளனைக் குறிக்கும் 'ரைவல்' என்ற பதத்தின் லத்தீன் மூலத்துக்கு, ஒரே ஓடையில் நீர் எடுக்கும் அண்டைவீட்டான் என்று பொருள். ஒரே வாய்க்காலில் மடை திறப்பவர்கள் இதற்கு அகராதி புரட்ட வேண்டியதில்லை. நாமும் அந்தப் பாஷைக்கு ஒரு பதம் தானம் செய்திருக்கிறோம். ஆங்கில அகராதியில் இருக்கும் 'அனிகட்' நம்முடைய அணைக்கட்டேதான். 1836-ஆம் வருஷம் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். அவருக்கு முன்னரே கல்லணை நின்றது. காரியத்தைக் கற்றவர்கள் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் கொள்ளிடத்தைக் 'கொலெரூன்' ஆக்கியபோது அவர்களுக்கு நஷ்டம் ஏற்பட்டது. காவேரி தாங்காத வெள்ளத்தைக் கொள்ளும் இடம் கொள்ளிடம். அந்த ஆறு செய்யும் வேலை பெயரிலேயே இருக்கிறது. 'கொலெரூன்' என்பதில் ஒலி மட்டுமே மிஞ்சியது.

'ஆறு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வழி என்றும் பொருள் உண்டல்லவா? நீர் வற்றிய ஆறு ஆங்கிலத்தில் குறையுள்ள ஆறு; தமிழில் அது நீர் வரும் வழி. நீர் இன்று இல்லாவிட்டால் நாளை வரும். வரும்! அடித்த பதத்தையே நாமும் சொல்லிவிட்டோம்.

பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினோம். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் போய்க் குடியேறிய ஆங்கிலேயர்கள் நம்முடையவை போன்ற வறண்ட மணலாறுகளை அங்கே கண்டார்கள். பச்சைப் புல்வெளியில் பழகிய பதங்கள் அவர்களுக்குப் போதவில்லை. காய்ந்து கிடந்த ஆற்றில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தால், 'தி ரிவர் கேம் டௌன்' என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆறு இறங்கி வந்தது! பையனுடைய வாக்கியத்தில் குறைந்தது 'டௌன்' என்ற ஒரு சிறு பதந்தான். நாமோ முக்கியமான பதத்தையே அடித்திருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எதற்காக வந்தோம் என்று சொன்னதும் அந்த அம்மாள் சிரித்தார். பிறகு 1956-ஆம் வருஷத்துக் கார்த்திகை மழையைப் பற்றிப் பேசலானார். அப்போது அவருக்கு வயது ஏழோ எட்டோ. இருட்டில் ஆற்றுப் பக்கத்திலிருந்து, பாறைமேல் பல வண்டிகளை ஓட்டினாற்போன்ற சத்தம் கேட்டதாம். "ஆறு வருது, ஆறு வருது" என்று அவருடைய தகப்பனார் தெருவில் கூவிக்கொண்டு ஓடினாராம். ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு எல்லோரும் மேட்டுக்குப் போனார்கள். விடிந்த பிறகுதான் ரயில் சமாசாரம் வந்தது.

அந்த ரயில் சமாசாரம் தேசம் முழுவதும் அறிந்தது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தில் விபத்துக்குள்ளாயிற்று. வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. சுமார் 150 பேர் மாண்டார்கள். அவ்வருஷமே மஹபூப்நகரில் நடந்த விபத்துக்காக ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா கொடுத்து, நேரு அதை ஏற்க மறுத்திருந்தார். அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மறுபடியும் கொடுத்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது. பாலத்தை அவர் கட்டவில்லை; ரயிலை அவர் ஓட்டவில்லை. ஆயினும் பொறுப்பு என்னுடையது என்றார். அந்தச் செயலால் இன்றளவும் மருதையாற்றின் கதையுடன் அவர் பெயரும் சேர்ந்தே பேசப்படுகிறது.

அப்பாயி சொன்னார்: "எங்க அப்பன் போட்ட சத்தம் எங்க தெருவுக்குக் கேட்டுது, சாமி. ரயிலுக்குக் கேட்கல்லே."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை நம்முடனேயே வந்தது. 'ஆறு ஓடுகிறது' என்று கூவினால் எவன் பாயை விட்டு எழுந்திருப்பான்? 'வருகிறது' என்றால் ஊர் எழுந்திருக்கிறது. பாலம் கட்டுகிறவரும், ஓடையை மேடாக்கி மனை போடுகிறவரும், மணலில் பந்து விளையாடும் பிள்ளையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய வினைச்சொல் அதுதான். அதைத்தான் நாம் சிவப்பு மையால் அடித்தோம்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி, 'ஃப்ளோட்' என்று நாம் எழுதியதை அடித்தோம். பையனுடைய 'கேம்' என்ற பதத்தின் பக்கத்தில் 'டௌன்' என்று சேர்த்தோம். குறைத்த மார்க்கைக் கொடுத்து, தவறு நம்முடையது என்று வகுப்பறிய ஒப்புக்கொண்டோம். கரும்பலகையில் பழைய தலைப்பை அழித்து, "உங்கள் ஊர் ஆற்றைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதுக" என்று எழுதினோம். வெள்ளாற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். கொள்ளிடக் கரைப் பெண் ஒருத்தி, சுழிக்கும் மடுவுக்கும் தனித்தனிப் பதம் வேண்டும் என்றாள். நாம் நாற்காலியில் சாய முடியவில்லை. அகராதியும் கையுமாக வகுப்பு முழுவதும் நடந்தோம்.

இனிமேல் எவன் வியாசத்திலாவது பசும்புல் வெளி வந்தால், அது எந்த ஊரில் இருக்கிறதென்று எழுதும்வரை மார்க்குக் கிடையாது என்று அறிவித்துவிட்டோம்.