இருபது லீற்றர்

யாழ்ப்பாணம், ஏப்பிரல் 20, 2022

ஒரு காருக்கு ஒரு தடவையில் 5,000 ரூபாவுக்கு மேற்பட்ட பெற்றோல் கொடுக்கலாகாது என்று சென்ற வாரம் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விதித்தபோது, அத்தொகைக்கு ஏறக்குறைய 20 லீற்றர் கிடைக்குமே என்று நானும், அளவாக ஓடினால் அது போதுமே என்று என் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். நேற்று லீற்றரின் விலை 254 ரூபாவிலிருந்து 338 ரூபாவுக்கு ஏறிற்று. அதே 5,000 ரூபாவுக்கு இப்போது 15 லீற்றர்கூட இல்லை. வெளிநாட்டுக் கடன்களைத் தற்போதைக்குத் திருப்பிச் செலுத்துவதில்லை என்று அரசாங்கம் 12ஆம் தேதி அறிவித்ததைப் பத்திரிகையில் படித்தபோது, அது கொழும்பிலுள்ள திறைசேரிக்குரிய விவகாரம் என்றல்லவா எண்ணிப் பக்கத்தைப் புரட்டினேன்! டொலர் இல்லையேல் கப்பல் இல்லை, கப்பல் இல்லையேல் எண்ணெய் இல்லை என்ற சங்கிலியின் கடைசி வளையம் என் வீட்டு முற்றத்தில் நிற்கும் சிறிய யப்பானியக் காரில் வந்து முடிகிறது.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு அட்டவணை போடும் வழக்கம் போவதில்லை. ஒரு பழைய கொப்பியை எடுத்து, எங்கள் பிரயாணங்களை எல்லாம் ‘இன்றியமையாதன’, ‘வேண்டுவன’, ‘தவிர்க்கத்தக்கன’ என மூன்று நிரல்களாக வகுத்தேன். ஆஸ்பத்திரி கிளினிக்கும் வங்கியும் முதலாவதிற் சென்றன. திருநெல்வேலிச் சந்தையும் வாசிகசாலையும் இரண்டாவது. பருத்தித்துறையில் தனித்திருக்கும் என் மனைவியின் தமக்கையாரைச் சனிக்கிழமைதோறும் போய்ப் பார்த்து வருவதை எங்கே வைப்பது என்று சற்று யோசித்து, தூரத்தை உத்தேசித்து மூன்றாவதில் எழுதினேன்.

ஏப்பிரல் 22

கொப்பியில் பென்சிலால் திருத்தம் நிகழ்ந்திருக்கிறது. பருத்தித்துறை முதல் நிரலுக்கு ஏறிவிட்டது. வாசிகசாலை மூன்றாவதற்கு இறங்கியிருக்கிறது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மே 24

பெற்றோல் 420. காரின் கூரையில் வீணே கிடந்த கரியரைக் கழற்றிக் கொட்டிலில் வைத்தேன். பாரமும் குறையும், காற்றின் தடையும் குறையும்.

யூன் 2

இன்று ரயர்களுக்குக் காற்று அடிக்கவென்று கராச்சுக்குப் போனேன். காற்றுக் குறைந்த ரயர் தரையோடு அதிகம் இழுபடுவதால் எஞ்சினுக்கு வேலை கூடும் என்பது நான் அறிந்ததுதான். ஆயினும் அதற்கு மேலும் ஏதேனும் உபாயம் உண்டோ என்று கராச்சுக்காரரைக் கேட்டேன். அவர் அறுபது தாண்டியவர். கையிலிருந்த எண்ணெயைச் சாரத்திலே துடைத்துக்கொண்டு, எந்தெந்த ஓட்டம் ஓடுகிறேன் என்று ஒரு வைத்தியரைப் போல ஒவ்வொன்றாக விசாரித்தார். நான் கொப்பியை மனத்தில் வைத்துக்கொண்டு விஸ்தாரமாக விடை சொன்னேன்.

“மாஸ்டர், பருத்தித்துறை ஓட்டத்தை ஏன் குறை சொல்லுறியள்? எஞ்சின் சூடேறினாப் பிறகு வல்லைவெளியால ஒரே சீராப் போனா, அதுதான் கிலோமீற்றருக்குக் குறைவாக் குடிக்கும். உங்கட சந்தை ஓட்டம்தான் கள்ளன். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, அது சூடாக முன்னம் நிப்பாட்டி, திரும்பவும் ஸ்டார்ட் பண்ணி... உதுக்குச் சைக்கிள் காணாதே?”

குளிர்ந்த எஞ்சினுக்கு எரிபொருளைக் கூடுதலாகக் கொடுத்தால்தான் சீராக எரியும் என்பதையும், ஆகவே குறுந்தூரங்களே விகிதப்படி அதிகம் செலவழிக்கின்றன என்பதையும் அவர் விளக்கியபோது, மனைவியின் பென்சிலுக்கு யந்திர சாஸ்திரத்தின் ஆதரவும் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றிற்று. மொத்தத் தூரம் என்ற ஒன்று இருக்கிறதே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதை அவர் மறுக்கவில்லை.

பின்பு பேச்சு, இந்நாட்களில் எங்கே தொடங்கினாலும் போய்ச் சேருமிடத்துக்கே போய்ச் சேர்ந்தது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பின், ஒஸ்ரின் ஏ40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களுள் இவரும் ஒருவர். சிறிய போத்தலில் மருந்துபோலப் பாதுகாத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். பின்னால் வெண்புகை எழும். ஸ்பார்க் பிளக்கிற் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஆயினும் கார் ஓடிற்று. அந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவாயிருந்தபடியால் தரங்குறைந்த எண்ணெயையும் அவை பொறுத்துக்கொண்டன.

“உங்கட காருக்கு உதை விட்டிடாதேங்கோ,” என்று அவர் சிரித்தார். “அது படிச்ச பிள்ளை. கஷ்டம் தாங்காது.”

காற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

யூன் 5

சந்தைக்குச் சைக்கிளிற் போனேன். முழங்கால் நோகிறது. கத்தரிக்காயின் விலையைப் பற்றி எழுதப் பிரியமில்லை.

யூன் 28

அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் யூலை 10ஆம் தேதிவரை எரிபொருள் விற்பதில்லை என்று நேற்று மாலை அறிவித்துவிட்டார்கள். விலை மாத்திரம் முந்தாநாள் 470 ஆக உயர்ந்தது. இல்லாத பொருளுக்கு விலையேற்றுவதில் உள்ள தர்க்கம் பொருளியல் படித்தவர்களுக்கு விளங்கக்கூடும். என் கொப்பிக்கு இனி உபயோகமில்லை. எதைத் தவிர்ப்பது என்ற விசாரம், எதையேனும் செய்யக் கூடியவனுக்கு அல்லவோ உரியது!

தாங்கியில் எஞ்சியிருப்பது ஓர் அவசரத்துக்கென்று இருக்கட்டும் என்றேன். எது அவசரம் என்று மனைவி கேட்டாள். பிரசவமோ மாரடைப்போ என்று சொல்ல வாயெடுத்து, இந்த வீட்டில் முன்னையதற்கு இடமில்லை, பின்னையதைச் சொல்லலாகாது என்று நிறுத்திக்கொண்டேன். மாலை முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. அக்காவுடன் தொலைபேசியில் நெடுநேரம் பேசினாள்.

யூலை 9

கொழும்பிலே ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்துவிட்டார்கள். இங்கே கார் கழுவினேன்.

யூலை 16

எதிர்பாராத விருந்தாளி. காலை பத்து மணியளவில் தமக்கையார், 750ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே பிரயாணம் செய்து, ஒரு பை நிறையத் தட்டை வடையோடு வந்து இறங்கினார். எழுபத்திரண்டு வயதில் அந்த நெரிசலில் வரலாமா என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கடிந்துகொள்ள, அவரோ வழியில் ஒரு பொடியன் இடங்கொடுத்ததையும், தாம் அதை வேறொரு கிழவிக்கு விட்டுக்கொடுத்ததையும் மிகுந்த உற்சாகத்தோடு வர்ணித்தார். இத்தனை வாரம் உங்களைப் பார்க்க வரமுடியாமற் போயிற்றே என்று மனைவி கண் கலங்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சம்பாஷணை நடந்தது.

“நீ ஏன் பிள்ளை அழுறாய்? சனிக்கிழமையெண்டா விடியவெள்ளன எழும்பி மீன்காரனைப் பாத்து நிக்கிறது, பிறகு சமைக்கிறது, நீங்கள் போனாப்பிறகு சட்டிபானை கழுவுறது. எனக்கும் ஏலாது தானே. இப்ப பக்கத்து வீட்டுப் பெட்டையளோட கோயிலுக்குப் போறன், கதைக்கிறன். நல்லாத்தான் இருக்குது.”

சொன்னவர் அதில் யாதொரு கோபமும் வைத்துச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தேநீருக்குச் சீனி போடவேண்டாம் என்றார். மனைவி அடுக்களைக்குள் போனவள் வர வெகுநேரமாயிற்று. நான் பஸ் சேவைகளைப் பற்றி விசாரித்தேன்.

இரவு விளக்கை அணைத்தபின், “மீன்குழம்பு வேண்டாமெண்டு நாங்களாவது சொல்லியிருக்கலாம்,” என்றாள். சிறிது கழித்து, “அவ ஒருநாளும் சொல்லேல்லை,” என்றாள். பிறகு நித்திரை கொண்டாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.

யூலை 24

எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டைக்குப் பதிவு செய்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தான். காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. ஓட்டோ ஓட்டிப் பிழைப்பவனுக்கு ஐந்தும், சந்தைக்குச் சைக்கிளிற் போகும் எனக்கு இருபதும் என்று பங்கிட்டது எந்த நியாய சாஸ்திரமோ. இது நான் கொடுத்த அளவு அல்ல என்றாலும், எங்கள் ஒழுங்கைமுனை ஓட்டோக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சமாயிருக்கிறது.

ஓகஸ்ட் 11

இவ்வாரத்துப் பங்கிற் பாதிகூடச் செலவாகவில்லை. மிச்சத்தை எடுக்காவிட்டால் அது அடுத்த வாரத்துக்குச் சேராது, போய்விடும் என்று கேள்விப்பட்டதும், தேவையில்லாத பெற்றோலுக்காக வரிசையிலே போய் நின்றேன். தாங்கி இப்போது விளிம்புமட்டும் இருக்கிறது. ரயரிற் காற்றுச் சரி, கூரையிற் பாரமில்லை. சிக்கனத்துக்குரிய லட்சணங்கள் யாவும் பொருந்திய கார்.

ஓகஸ்ட் 22

மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகிவிட்டது. கரையோரப் படகுகளின் இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுகின்றவை. ஆதலால் இன்று பருத்தித்துறைப் பக்கத்தில் அநேகர் தொழிலுக்குப் போகவில்லையாம். இதைச் சொன்னவர் தமக்கையார். தொலைபேசியில் மனைவியிடம் சொல்லிவிட்டு, கடைசியில், “மீனுமில்லை ஒண்டுமில்லை, வாறதெண்டா சும்மா வாங்கோ,” என்றாராம்.

அது வரச்சொன்னதா, வரவேண்டாம் என்றதா என்று மாலையிலிருந்து நாங்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். வரச்சொன்னதுதான் என்பது என் பக்ஷம். அந்தச் ‘சும்மா’வைச் சொன்ன தோரணையை நீங்கள் கேட்கவில்லையே என்கிறாள் அவள். பெற்றோல் இருக்கிறதே என்றேன். “பெற்றோல் இருக்குது எண்டதுக்காகப் போறதே?” என்று கேட்டாள், அதற்கு என்னிடம் விடையில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.