வெண்கலச் சிறுமியின் துணிப் பாவாடை

பாரிஸில் ஆர்சே மியூசியத்துக்குப் போகிறவர்கள் முதலில் வான்கா ஓவியங்களைத் தேடித்தான் ஓடுவார்கள். நான் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டேன். "அம்மா, மூடறதுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு" என்று மகள் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் வெண்கலச் சிறுமி. வயது 14. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, முகவாயைத் தூக்கி, ஒரு காலை முன்னால் வைத்து நிற்கிறாள். எட்கர் தெகா மெழுகில் செய்து 1881-இல் காட்சிக்கு வைத்த பாலே மாணவி. வெண்கலத்தில் வார்த்தது அவர் காலத்துக்குப் பிறகு. உடம்பெல்லாம் உலோகம், பாவாடை மட்டும் நிஜத் துணி! பின்னலில் நிஜ சாட்டின் ரிப்பன். துணி பழுத்து, ஓரமெல்லாம் பிசிறு. மயிலாப்பூரில் எங்கள் டெய்லர் மாஸ்டர் பார்த்திருந்தால், "என்னம்மா, ஓரம் மடிக்காமயே குடுத்துட்டாங்க?" என்றுதான் கேட்டிருப்பார்.

எனக்கு எதைப் பார்த்தாலும் தையல்தான் முதலில் கண்ணில் படும். மகள் பரதம் கற்க ஆரம்பித்ததிலிருந்து அரங்கேற்றம் வரை பதினோரு வருஷம், தி. நகரில் பட்டுச் சேலை எடுப்பதும், அதை மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தையல் கடைக்குச் சுமப்பதுமாக இருந்தவள் நான். புதுப் பட்டில் மாஸ்டர் கத்திரி வைக்கும் அந்த ஒரு நொடி வயிற்றைப் பிசையும். ஜரிகைக் கரை வெளியே தெரிகிற மாதிரி மடிப்பு மடிப்பாக அடுக்கி விசிறி தைப்பார். அரைமண்டியில் உட்கார்ந்தால் அது விரிய வேண்டும், நிமிர்ந்தால் தானாக மூட வேண்டும். பெண் வளர்வாள் என்று பக்கத் தையலில் இரண்டு இஞ்ச் உள்ளே பிடித்து வைப்பார். ஒரு தடவை மேடையிலேயே இடுப்புக் கொக்கி தெறித்து, பாதி வர்ணத்தை அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆடினாள். ஆடுகிறவளுக்கு உடை என்றால் என்ன என்பது அன்றைக்குப் புரிந்தது.

பாலே உடையின் கதையும் ஒரு வெள்ளைத் துணியில்தான் திரும்புகிறது. 1832-இல் பாரிஸ் ஆப்பராவில் 'லா சில்ஃபீட்' நடனத்தில் மரீ தக்லியோனி மெல்லிய வெள்ளை மஸ்லினில், கெண்டைக்கால் வரை இறங்கும் பாவாடையுடன் வந்தார். கேஸ் விளக்கு வெளிச்சத்தில் அந்தத் துணி புகைபோல மிதந்தது. அதற்குப் பிறகு தேவதை, ஆவி எல்லோருக்கும் அதே வெள்ளைதான். வெளியே தெருவில் பெண்களின் பாவாடை அகலமாகிக்கொண்டே போய், 1850-களில் உள்ளே இரும்புக் கூண்டு வைத்துக் கட்டும் அளவுக்கு வந்துவிட்டது. மேடையிலோ நீளம் குறைந்தது. 1880-களில் இத்தாலியிலிருந்து ரஷ்யா போன விர்ஜீனியா சுக்கி, பாட்டிக்குப் போடுகிற பாவாடையெல்லாம் எனக்கு வேண்டாம் என்கிற ரீதியில் அடம்பிடித்துக் குட்டையாக்கிக்கொண்டார்.

அந்தப் புகைத் துணிக்கு ஒரு விலையும் இருந்தது. நைலக்ஸ் புடவையோடு ஸ்டவ் பக்கம் போகாதே என்று என் அம்மா கத்தியது நினைவுக்கு வந்தது. பாரிஸில் உடைகளைத் தீப்பிடிக்காத கரைசலில் முக்கி எடுக்க வேண்டும் என்று 1859-இல் உத்தரவே போட்டார்கள். முக்கினால் துணி விறைத்துப்போகிறது, அழுக்காகத் தெரிகிறது என்று நடனப் பெண்கள் மறுத்தார்கள். எம்மா லிவ்ரி என்ற பெண், பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தாள். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது அவள் பாவாடையில் விளக்குத் தீ பற்றிக்கொண்டது. எட்டு மாதம் கிடந்து, 21 வயது நிரம்புமுன் போய்விட்டாள். கருகிய உடையின் மிச்சத்தை ஆப்பரா மியூசியம் இன்னும் வைத்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. பார்க்க மனசும் வரவில்லை.

ஆனால் நான் பாரிஸ் போனதே வேறொரு கட்டடத்துக்காக. கிராண்ட் புல்வார் மெட்ரோ நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், மோன்மார்த்ர் புல்வாரில் தூண்கள் வைத்த முகப்போடு ஒரு தியேட்டர். பெயர் வரியேத்தே. 1807-இல் திறந்தது, இன்றும் நாடகம் நடக்கிறது. 1838 ஆகஸ்டில் இங்கே ஆடியவர்கள் நம் கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்துப் பெண்கள். ஆமாம், தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கிற அதே ஊர். தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், சின்னக் குழந்தை வேதம். கூடவே நட்டுவனார் ராமலிங்கமும் இன்னும் இரண்டு வாத்தியக்காரர்களும். தர்திவேல் என்ற பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் போட்டுக் கப்பலில் அழைத்துவந்தார். தெயோஃபில் கோத்தியே என்ற கவிஞர் அம்மணியைப் பார்த்துவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார். அதற்கு முந்தின வருஷம்தான் தக்லியோனியைச் சிலையாக வடித்திருந்த ழான் ஒகுஸ்த் பார், அம்மணியையும் வெண்கலத்தில் வடித்தார். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி தியேட்டர்.

அந்தப் பெண்களுக்கு முன்பே பிரெஞ்சுக்காரர்களுக்கு 'பயதேர்' தெரியும். போர்ச்சுகீசிய மொழியில் நாட்டியக்காரி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். 1830-இலேயே தக்லியோனி பயதேராக ஆடியிருக்கிறார், பிரெஞ்சுத் தையலில். அந்தப் பெயரில் குறுக்குக் கோடு போட்ட துணி ஒன்று இன்றும் விற்கிறது. 1877-இல் பீட்டர்ஸ்பர்கில் நடன அமைப்பாளர் பெத்திப்பா 'லா பயதேர்' என்று முழு பாலேயே போட்டார். கோயில் தாசி நிகியா பூக்கூடைப் பாம்பு கடித்துச் சாகிறாள்; பிறகு வெள்ளை டூட்டூ என்ற பாலே பாவாடையில் வரிசை வரிசையாக ஆவிகள் இறங்கி வருகின்றன. நிஜ பயதேர்கள் வந்துபோய் நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அவர்கள் உடையைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

கோபப்பட நமக்கும் பெரிய தகுதி இல்லை. 19-ஆம் நூற்றாண்டுத் தேவதாசிகளின் பழைய படங்களில் சேலைக்கு அடியில் காலைப் பிடித்த பைஜாமா தெரியும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆயிரம் வருஷத்து உடை என்று இன்று நாம் நம்புவது அடையாற்றில் தைத்தது. ரஷ்ய நடனக்காரி பாவ்லோவாவின் பாலேயில் மயங்கி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தியிடம் பாலே பயின்ற ருக்மிணி தேவி, 1935-இல் தியசாபிகல் சொசைட்டியில் சதிர் (பரதத்தின் பழைய பெயர்) ஆடினார். கோயில் சிற்பங்களைப் பார்த்து அவர் யோசித்ததைத் துணியில் வெட்டித் தைத்துத் தந்தவர் அங்கே இருந்த மதாம் காஸான் என்ற இத்தாலியத் தையற்காரப் பெண்மணி. மாட வீதி மாஸ்டரின் விசிறிக்குப் பாட்டி ஒரு ஐரோப்பியப் பெண்! மாஸ்டரிடம் இதைப் போனில் சொன்னேன். "அதான் கொக்கி வெச்சிருக்காங்க" என்றார்.

பாரிஸ் போகிறவர்கள் ஈஃபில் கோபுர வரிசையில் நிற்கிற நேரத்தில் அரை மணியை மிச்சம் பிடியுங்கள். மோன்மார்த்ர் புல்வார், கதவு எண் 7. பக்கத்திலேயே பனோரமா சந்துக்குள் காபியும் கிடைக்கும்.