தவறைத் திருத்துவதும் ஓர் அமானிதமே



யானைக்கவுனியில் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், ஒரு வீட்டின் மாடியறையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பகலில் ஒரு பள்ளியில் அதே பணி. சன்னலைத் திறந்தால், சென்ட்ரல் நிலையத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் ரயில்களின் ஓசை பாடத்தோடு வந்து கலக்கும். வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வால்டாக்ஸ் சாலையிலும் சவுகார்பேட்டையிலும் சுமை தூக்குவோர், கடைச் சிப்பந்திகள் ஆகியோரின் மக்கள்.

ஒருநாள் ஒரு சிறுமி தயங்கித் தயங்கி எழுந்து, "மை ஃபாதர் கோ டு சென்ட்ரல்" என்றாள். நான் இடைமறித்து, "கோ இல்லை, கோஸ்! எத்தனை முறை சொல்வது?" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அதன்பின் மூன்று வாரங்கள் அவள் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இலக்கண விதியைக் காப்பாற்றிவிட்டேன்; ஒரு குழந்தையின் நாவைக் கட்டிவிட்டேன்.

அந்நாட்களில் ஒரு ஜும்ஆ பயானில், முன்பே அறிந்திருந்த ஹதீஸ் ஒன்று புதிதாகச் செவியில் விழுந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி அது. முஆவியா இப்னு அல்ஹகம் (ரலி) அவர்கள் தொழுகையின் நடுவே, தும்மிய ஒருவருக்கு துஆச் சொல்லிவிட்டார்கள். சுற்றியிருந்தோர் முறைத்தனர், தொடையில் தட்டி அடக்கினர். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தொழுகையில் பேச்சு கூடாது என்பதையும், அதில் எவை ஓதப்படும் என்பதையும் விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதேயில்லை என்று அந்தத் தோழர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். தவறு திருத்தப்பட்டது, மனிதர் அவமதிக்கப்படவில்லை. என் வகுப்பிலோ நான் முறைத்தவர்களின் வரிசையில் நின்றிருந்தேன்.

வருந்துவது எளிது, வகுப்பில் என்ன செய்வது? விடை நம் ஊரிலேயே இருந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய ஊர்களின் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை முன்வைத்துப் பயிற்றாமல், மாணவர் மூளைக்கு வேலை தரும் ஒரு செயலைக் கொடுத்து, அதைச் செய்யும் போக்கில் மொழி படியட்டும் என்பதே அவர் கருத்து. ரயில் கால அட்டவணையும் ஊர் வரைபடமும் அவருடைய பாடப் பொருள்கள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைச் செய்வார். பிறகு அதுபோன்ற ஒன்றை மாணவர் தனியே செய்வார். விடை சரியா என்பதே முதற்கேள்வி. மொழிப் பிழை வந்தால், பாடத்தை நிறுத்தி விளக்காமல் போகிற போக்கில் திருத்துவார்கள். அந்த அனுபவத்தை 1987-இல் நூலாகவும் வெளியிட்டார்.

சென்ட்ரலின் அருகிலிருந்துகொண்டு ரயில் அட்டவணையை நான் நினைக்காமற் போனது வியப்புதான்! மறுவாரமே ஒரு பிரதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். "காட்பாடியில் நண்பகலில் நிக்காஹ். வாப்பாவுக்குக் காலையில் வேலை, அண்ணனுக்கு இல்லை. யார் எந்த வண்டியில் போவது?" அறை ஆரவாரித்தது. அந்தச் சிறுமி கையுயர்த்தி, "பிரதர் கோ ஃபர்ஸ்ட் டிரெயின், சார்" என்றாள். "யெஸ், ஹி கோஸ் பை தி ஃபர்ஸ்ட் டிரெயின். அண்டு ஃபாதர்?" என்றேன். "ஃபாதர் கோஸ் செகண்ட் டிரெயின்" என்றாள். அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வாரமே அவள் மீண்டும் 'கோ' என்றாள் என்பதும் உண்மை. ஆனால் பேசினாள், பேசுகிற நாவைத் திருத்த இயலும்.

ஆசிரியச் சகோதர சகோதரிகளுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். கேள்வி கேட்டபின், மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். நாணமுள்ள பிள்ளைக்கு அந்த அவகாசம் வேண்டும். முதலில் இருவர் இருவராகப் பேசவிட்டு, பிறகே வகுப்பின் முன் நிறுத்துங்கள். முக்கியமான வாக்கியத்தை மும்முறை சொல்லுங்கள். நன்கு விளங்க வேண்டும் என்பதற்காக நபியவர்கள் சொல்லை மும்முறை திருப்பிக் கூறுவார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

பயிற்சி முகாம்களில் ஏடு நிறையக் குறிப்பெடுத்திருக்கிறேன்; பயனுள்ளவைதாம். ஆயினும் என்னை மாற்றியது, நாள்தோறும் இஷாவுக்குப் பின் எழுதும் மூன்று வரிகள். இன்று யார் பேசவில்லை? நான் எவ்வளவு நேரம் பேசினேன்? யாரை நாணச் செய்தேன்? நம் முன்னோர் முஹாசபா என்றழைத்த சுய விசாரணையே இது. மாதமொருமுறை சக ஆசிரியர் ஒருவர் என் வகுப்பின் பின்வரிசையில் அமர்கிறார். நான் அவர் வகுப்பில் அமர்கிறேன். நம் கண்ணுக்குப் படாத நம் முகத்தைப் பிறர் கண் காட்டிவிடுகிறது.

மூன்றாம் கேள்விக்கு விடையாக இன்றும் சில இரவுகளில் ஒரு பெயரை எழுத நேர்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளையிடமே முதல் கேள்வியைக் கேட்கிறேன், எளிய கேள்வியாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் அமானிதம். அவர்களுடைய தவறுகளும் அதில் அடக்கம். அவற்றைக் கண்ணியமாகக் கையாளும் பக்குவத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.