நாடகம்: கிட்டத்திலா, பிரம்மாண்டமாகவா?

நாடகம் பார்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வந்துவிடும். "மேடையில் தேர் வரணும், மின்னல் வெட்டணும், அப்பதான் கொடுத்த காசு செரிக்கும்" என்பது ஒரு கட்சி. "நடிகனின் கண் தெரியாவிட்டால் அது என்ன நாடகம்?" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களுமே கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை!

முதலில் பெரிய மேடை. சினிமாவில் வில்லனாகப் பெயர் வாங்கிய ஆர்.எஸ். மனோகர், தன் நேஷனல் தியேட்டர்ஸ் குழுவோடு 'இலங்கேஸ்வரன்' போன்ற நாடகங்களைப் பெரிய அரங்க அமைப்புகளோடும் தந்திரக் காட்சிகளோடும் நடத்தினார். கூட்டம் வாய் பிளந்து பார்த்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த செட்டைச் செய்ய, ஏற்ற, இறக்க, மாற்ற ஆட்கள் வேண்டும். பத்துப் பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் இந்தச் செலவு குறையாது. வணிகவியலில் இதற்கு நிலையான செலவு என்று பெயர். அரங்கம் நிறைந்தே ஆகவேண்டும். ராவணனை நாயகனாக்கும் துணிச்சல் மனோகருக்கு இருந்தது; அந்தச் சுமையோடு எல்லோருக்கும் அது வராது.

இந்தச் சுமையே வேண்டாம் என்று இறக்கி வைத்தவர் வங்காளத்தின் பாதல் சர்க்கார் (1925-2011). 1967-ல் 'சதாப்தி' குழுவைத் தொடங்கியவர், 1970-களில் படச்சட்ட மேடையை விட்டு வெளியே வந்தார். செட் இல்லை, ஒளி ஜாலம் இல்லை. ஒரு அறை அல்லது பூங்கா போதும். 'மிச்சில்' நாடகத்தில் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே ஊர்வலம் போகும். செலவு இல்லாததால் யாருக்கும் பயப்படாமல் பேச முடிந்தது. சரி, நடிகர்களுக்குச் சோறு? குழுவினர் வேறு வேலை பார்த்துத்தான் பிழைத்தார்கள். சின்ன நாடகத்தின் செலவு டிக்கெட்டில் தெரியாது. நடிகனின் வயிற்றில் தெரியும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, நம் தெருக்கூத்தில். இரண்டு பேர் கையில் பிடிக்கும் துணிதான் திரை. மண் தரைதான் மேடை. கட்டியங்காரன் முன்வரிசைப் பாட்டியையே கிண்டல் செய்வான். இதைவிட நெருக்கம் உண்டா? அதே திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறுகிறார். படுகளத்தன்று தரையில் துரியோதனன் மண்ணால் மலை போலப் படுத்திருக்கிறான். இதைவிட பிரம்மாண்டம் உண்டா? செலவை ஊரே வரி போட்டுப் பகிர்ந்துகொள்கிறது. யாரோ ஒரு முதலாளி போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கவேண்டிய அவசரம் அங்கே இல்லை.

மின்னலையும் தேரையும் இன்று சினிமா எளிதாகக் காட்டிவிடும். எதிரில் ஒரு மனிதன் வியர்த்து, மூச்சு வாங்கி நிற்பதை அதனால் தர முடியாது. நாடகத்திற்கென்று மிச்சமிருக்கும் சொத்து அதுதான். மேடை பெரிதாக இருக்கட்டும், தப்பில்லை. அந்த மனிதனை மறைக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடக் கூடாது. அவன் பசியோடு வீடு திரும்பும் அளவுக்குச் சின்னதாகவும் ஆகிவிடக் கூடாது.