அசோக் பில்லர் டு நந்தம்பாக்கம்: ஒரு ராணுவ ரூட்!

அசோக் பில்லர் சிக்னல்ல மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? செல்போனை நோண்டுவீங்க. அடுத்த தடவை தலையைத் தூக்கி, தூண் உச்சியில இருக்கிற சிங்கங்களைப் பாருங்க. 1964-ல் இந்த ஏரியா உருவானபோது நிறுத்தின தூண் அது. அதே சிங்கங்கள் நம்ம ராணுவ மேஜரோட தோள்பட்டையிலும் உட்கார்ந்திருக்கு. 1950-ல் இந்தியா குடியரசாகும் வரைக்கும் அந்த இடத்துல இருந்தது பிரிட்டிஷ் கிரீடம்.

கிரீடம் போயிடுச்சு. ஆனா பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன இன்னொரு அடையாளம் இன்னமும் நம்ம ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கு. கத்திப்பாரா, பரங்கிமலை பக்கம் ராணுவ லாரி போனா நம்பர் பிளேட்டைக் கவனிங்க. 'டி.என்.' இருக்காது. மேல் நோக்கி ஓர் அம்புக்குறி, வண்டி வாங்கின வருஷத்தோட கடைசி ரெண்டு இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, வரிசை எண். பிரிட்டிஷ் அரசு தன்னோட சொத்து மேல எல்லாம் குத்தி வெச்ச அம்போட வாரிசுதான் அது.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் ராணுவ வண்டி ஒண்ணு, நம்ம பரீட்சை ரெஜிஸ்டர் நம்பர் மாதிரி. அண்ணா யுனிவர்சிட்டி நம்பரைப் பிரிச்சா காலேஜ், வருஷம், டிபார்ட்மென்ட், ஆள்னு வரிசையா வரும் இல்லையா? அதே லாஜிக்தான். பதிவு எண்ணோட முதல் எழுத்து வண்டியோட ரகம்: லாரின்னா 'எல்', டாங்கின்னா 'டி', மோட்டார் சைக்கிள்னா 'சி'. மஞ்சள் வட்டத்துல கறுப்பு எண் இருந்தா அது பாலத்துக்கான எடை வகுப்பு. பாலத்து மேல எழுதியிருக்கிற எண்ணைவிட வண்டியோட எண் பெரிசா இருந்தா, திரும்பிப் போக வேண்டியதுதான்!

அசல் ரகசியம் மட்கார்டுல இருக்கு. ஒரு பக்கம் டிவிஷனோட சின்னம். இன்னொரு பக்கம் கலர் சதுரத்துக்குள்ள ஒரு வெள்ளை எண். மூணு பட்டாலியன் சேர்ந்தா ஒரு பிரிகேட், மூணு பிரிகேட் சேர்ந்தா ஒரு டிவிஷன், அது கூடவே பீரங்கிப்படை, இன்ஜினீயர்கள், சிக்னல்ஸ். இதுதான் காலாட்படை டிவிஷனோட அடிப்படைக் கணக்கு. முதல் பிரிகேடுக்குச் சிவப்பு, ரெண்டாவதுக்குப் பச்சை, மூணாவதுக்கு பிரவுன். பீரங்கிப்படைன்னா மேலே சிவப்பு, கீழே நீலம். பிரிட்டிஷ் டிவிஷன்ல சிவப்புச் சதுரத்துல 55-ன்னு இருந்தா, முதல் பிரிகேடோட முதல் பட்டாலியன்.

எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்? பேரை நேரா எழுதினா எதிரியோட ஒற்றன் ஈஸியா படிச்சிடுவான். அதே சமயம், நாற்சந்தியில நிக்கிற மிலிட்டரி போலீஸுக்கு நூத்துக்கணக்கான லாரியில எது எந்தப் பக்கம் போகணும்னு சட்டுனு தெரியணும். ரெண்டுக்கும் நடுவுல கண்டுபிடிச்ச வழி இது. ரொம்ப ரகசியமான பயணம்னா டிவிஷன் சின்னத்தையே பெயின்ட் அடிச்சு மறைச்சிடுவாங்க.

இந்திய டிவிஷன்களோட சின்னங்கள் செம அழகு. 4-வது டிவிஷனுக்குச் செங்கழுகு, 17-வதுக்குக் கறுப்புப் பூனை. 1945 மார்ச்சில் மண்டலேயைப் பிடிச்ச 19-வது டிவிஷனுக்குக் குறுவாள். நமக்கு நெருக்கமானது 25-வது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்துல குண்டு போட்டதும், மெட்ராஸே மூட்டை கட்டிக்கிட்டு வெளியூருக்குக் கிளம்பிச்சு. அந்த வருஷமே தென்னிந்தியாவைக் காக்கிறதுக்காக உருவான டிவிஷன் இது. சின்னம் என்ன தெரியுமா? சீட்டுக்கட்டுல வர்ற ஸ்பேட் ஆஸ்! பின்னாடி பர்மாவோட அரக்கான் பகுதிக்குப் போய்ச் சண்டை போட்டது.

இதைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேட்கிறீங்களா? அந்தப் போர்ல இந்திய ராணுவத்துல இருந்தவங்க 25 லட்சம் பேர். நம்ம ஊர்க்காரங்களும் ஏராளம். பல வீடுகள்ல மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு மங்கின போட்டோ. லாரி பக்கத்துல கொள்ளுத் தாத்தா நிப்பார். 'பர்மா சண்டைக்குப் போனார்'ங்கிறதுக்கு மேல யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த போட்டோவுல முகத்தைப் பார்த்துட்டு அப்படியே மட்கார்டையும் பாருங்க. சின்னம் தெரிஞ்சா டிவிஷன் தெரியும். கறுப்பு வெள்ளையில கலர் தெரியாட்டியும், எண் கிடைச்சா யூனிட்டை நெருங்கலாம். யூனிட் கிடைச்சா, லண்டன் க்யூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல போர் நாட்குறிப்புகளைத் தேடலாம். ஒரு யூனிட் எந்தத் தேதியில எந்த ஆற்றைத் தாண்டினதுங்கிற வரைக்கும் அதுல எழுதியிருப்பாங்க. பாட்டி சொன்ன பாதிக் கதைக்கு மீதி அங்கே கிடைக்கலாம்.

இப்போ ரூட். அசோக் நகர்ல மெட்ரோ ஏறினா ஈக்காட்டுத்தாங்கல், அடுத்தது ஆலந்தூர். அங்கே இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு பூந்தமல்லி ரோட்டுல நந்தம்பாக்கம் போங்க. டிரேட் சென்டருக்குப் போயிருப்பீங்க, பக்கத்துல இருக்கிற போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள்ள போயிருக்க மாட்டீங்க. பல ஊர் கல்லறைகள்ல சிதறிக் கிடந்தவங்களை 1952-ல் இங்கே ஒண்ணு சேர்த்தாங்க. இரண்டாம் உலகப் போர்ல இறந்த 856 பேர் இங்கே இருக்காங்க. முதல் உலகப் போர்ல இறந்து, வேற இடங்கள்ல புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களோட பேரும் ஒரு நினைவுச் சின்னத்துல இருக்கு.

கற்களைப் படிச்சுப் பாருங்க. வண்டியில மறைச்சு வெச்சதெல்லாம் இங்கே வெளிப்படையா இருக்கும்: படையோட சின்னம், எண், பதவி, பேர், இறந்த தேதி. பல கற்கள்ல வயசும் இருக்கும். இருபதுகள்ல செத்துப் போனவங்க நிறைய. அதாவது, நம்ம செட்டு.

காலையில போங்க, வெயில் தாழ்வா இருக்கும். கூட்டமா போய் செல்ஃபி எடுக்காம, ஒரு வரிசையையாவது நின்னு முழுசா வாசிங்க. திரும்பி வந்ததும் வீட்டுப் பரண்ல இருக்கிற பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்க. போட்டோவுல இருக்கிறவர் யாருன்னு சொல்ற பெரியவங்க இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பேரை எழுதி வெச்சிடுங்க பாஸ்!